அடைப்புக்குறிக்குள் இருப்பவர்கள்

பத்து வருடத்துக்கு மேல் ஒரே பொய்யை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் என்று தெரியாமல்தான் சொன்னேன், இருந்தாலும் பொய் பொய்தான். ரோசா பார்க்ஸ் என்று ஒரு வயதான தையல்கார அம்மா, நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டுக் கால் வலியோடு பஸ்ஸில் உட்கார்ந்தார், வெள்ளைக்காரருக்கு இடம் விடச் சொன்னார்கள், களைப்பில் எழுந்திருக்க முடியாது என்றார், கைது செய்தார்கள், உடனே மார்ட்டின் லூதர் கிங் என்று ஒரு போதகர் வந்து ஊரையே திரட்டினார், ஜெயித்தார். இருபது நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கும் பிடிக்கும், கதை மாதிரி இருக்கிறதல்லவா.

அந்த 'வயதான அம்மா'வுக்கு அப்போது வயது 42. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரத்தில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. என்ற அமைப்பின் கிளைச் செயலாளராகப் பல வருடம் வேலை செய்தவர். கைதாவதற்கு நாலு மாதம் முன்னால், 1955 ஆகஸ்டில், டென்னசி மாநிலத்தில் ஹைலேண்டர் என்ற பள்ளியில் இனப் பிரிவினையை ஒழிப்பது பற்றி நடந்த பயிற்சி முகாமில் உட்கார்ந்துவிட்டு வந்தவர். அன்றைக்கு உடம்பு ஒன்றும் களைக்கவில்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் களைத்திருந்தேன் என்று பிற்பாடு அவரே எழுதிவைத்திருக்கிறார். இது எதுவும் தெரியாமல் நான் கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

சரி, இந்தப் பதிவு பார்க்ஸைப் பற்றியது இல்லை. என் பாடத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது, ஒரு அடிக்குறிப்பிலிருந்து இன்னொரு அடிக்குறிப்புக்குத் தாவித் தாவிக் கடைசியில் யார் இந்தக் குறிப்புகளை எல்லாம் போட்டது என்று பார்த்தால், திரும்பத் திரும்ப ஒரே பெயர் வந்து நின்றது. கிளேபோர்ன் கார்சன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். கிங் எழுதிய, பேசிய, கிறுக்கிய எல்லாவற்றையும் தேடிச் சேர்த்துப் பதிப்பிக்கும் வேலைக்கு 35 வருடம் பொறுப்பாக இருந்தவர்.

அவருடைய ஆரம்பக் கதையே கொஞ்சம் விசித்திரமானது. பிறந்தது 1944-இல், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில். வளர்ந்தது நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸில், அதாவது அணுகுண்டு செய்த ஊரில். அங்கே கறுப்பினக் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தெற்கத்தி மாநிலங்களில் நடந்த போராட்டம் அந்தப் பையனுக்குச் செய்தித்தாளில் படிக்கிற விஷயம்தான். 1963 ஆகஸ்டில், 19 வயதில், இண்டியானாவில் நடந்த மாணவர் மாநாடு ஒன்றுக்குப் போகிறார். அங்கே ஸ்டோக்லி கார்மைக்கேலைச் சந்திக்கிறார். கார்மைக்கேல் அப்போது 'ஸ்னிக்' என்று எல்லோரும் கூப்பிடும் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவில் இருந்தார். வாஷிங்டனில் நடக்கப்போகும் பேரணியை அவர் பெரிதாக மதிக்கவில்லை. ஊர்வலம் போவதைவிடத் தெற்கே வந்து எங்களோடு வேலை செய் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். கார்சன் கேட்கவில்லை. பஸ் ஏறிப் பேரணிக்குப் போனார். ஆகஸ்ட் 28, லிங்கன் நினைவகத்தின் முன்னால் கூடிய சுமார் 2.5 லட்சம் பேரில் அவரும் ஒருவர். உலகமே மனப்பாடமாக வைத்திருக்கும் அந்த 'கனவு'ப் பேச்சை நேரில் நின்று கேட்டவர்.

ஆனால் அவர் மனம் போனது கிங் பக்கம் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். அவரை ஈர்த்தது ஸ்னிக் ஆட்கள். 1960-இல் எல்லா பேக்கர் என்ற அம்மையார் கூட்டிய மாநாட்டிலிருந்து முளைத்த அமைப்பு அது. பலமான ஜனங்களுக்குப் பலமான தலைவர் தேவையில்லை என்பது பேக்கரின் வாதம். மிசிசிப்பி கிராமங்களில் போய்த் தங்கி, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஆட்களை ஒவ்வொருவராகக் கூட்டிப்போய், அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய், மறுபடியும் கூட்டிப்போன பாப் மோசஸ் போன்றவர்கள்தான் கார்சனுக்கு நாயகர்கள். மேடையில் ஏறினால்கூடக் குரலை உயர்த்தாத மனிதர் மோசஸ். கார்சன் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டதும் ஸ்னிக் வரலாற்றைத்தான். 1981-இல் அது புத்தகமாக வந்தது, அமெரிக்க வரலாற்றாளர் அமைப்பின் விருதும் கிடைத்தது. 'நான் ஸ்னிக்கின் வரலாற்றாசிரியன்' என்று நிம்மதியாக இருந்திருக்கலாம்.

1985-இல் போன் வருகிறது. கூப்பிட்டது கொரெட்டா ஸ்காட் கிங், கிங்கின் மனைவி. என் கணவரின் தாள்களைப் பதிப்பிக்கும் வேலைக்கு நீங்கள் பொறுப்பெடுக்க வேண்டும் என்கிறார். கார்சனுக்கு ஆச்சரியம். தன்னைக் கிங் ஆய்வாளராக அவர் நினைத்ததே இல்லை. தலைவர்களைப் பற்றி எழுதுவது அவர் பாணியும் இல்லை. தயங்கிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்ட பிறகும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1987-இல் ஓர் ஆய்விதழில் எழுதுகிறார்: கிங் என்று ஒருவர் பிறந்தே இருக்காவிட்டாலும் கறுப்பின மக்களின் போராட்டம் ஏறக்குறைய இதே பாதையில்தான் போயிருக்கும் என்று. யோசித்துப் பாருங்கள். கிங்கின் குடும்பம் நம்பி ஒப்படைத்த ஆள், கிங் பெயரில் சம்பளம் வாங்குகிற ஆள், இதை அச்சில் எழுதுகிறார். நம் பக்கத்தில் ஒரு தலைவரின் படைப்புகளைத் தொகுக்கிறவர் முன்னுரையில் இப்படி ஒரு வரி எழுதிவிட்டு வீட்டுக்கு நடந்து போக முடியுமா என்று நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தாள்கள் ஒரே இடத்தில் இருந்தால் சுலபம். இங்கே அப்படி இல்லை. 1964-இல் கிங்கே தன் காகிதங்களில் பெரும்பகுதியைத் தான் படித்த பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தார். தெற்கே வைத்திருந்தால் எந்த ராத்திரி யார் கொளுத்துவார்கள் என்று தெரியாத காலம் அது, அவர் வீட்டில் குண்டு வெடித்தே எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. மிச்சம் அட்லாண்டாவில். கொரெட்டா பாஸ்டனிடம் திருப்பிக் கேட்டு 1987-இல் வழக்குப் போட்டார், 1993-இல் ஜூரி பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இது தவிரக் கடிதம் வாங்கியவர்கள் வீட்டுப் பெட்டிகள், சர்ச்சுகளில் ஓட்டிப் பதிவு செய்த டேப்புகள், போலீஸ் கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் தேதி கண்டுபிடிக்க வேண்டும், யாருக்கு எழுதியது என்று கண்டுபிடிக்க வேண்டும், ஒரே பேச்சுக்கு நாலு வடிவம் இருந்தால் பாடபேதம் பார்க்க வேண்டும். ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த பதிப்பாசிரியர்களின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத உழைப்பு இல்லை. என்ன, இங்கே கரையானுக்குப் பதில் வக்கீல்கள்.

இதில் பாதி வேலையை மாணவர்கள் செய்தார்கள். கார்சன் அதை ஒரு வகுப்பாகவே நடத்தினார் என்று சொல்லலாம். இளங்கலை படிக்கிற பிள்ளைகள் டேப்பைக் கேட்டு எழுதினார்கள், கிங் குறிப்பிடுகிற புத்தகத்தை நூலகத்தில் எடுத்து வந்து வரிக்கு வரி ஒப்பிட்டார்கள்.

அப்படி ஒப்பிட்ட இடத்தில்தான் சிக்கல் வெடித்தது.

1980-களின் கடைசி. கிங் மாணவராக எழுதிய கட்டுரைகளுக்கும், 1955-இல் பாஸ்டனில் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கும் அடிக்குறிப்பு போடுகிறார்கள். கிங் மேற்கோள் காட்டிய வரி மூலத்தில் இருக்கிறது, சரி. ஆனால் மேற்கோள் காட்டாத வரியும் மூலத்தில் அப்படியே இருக்கிறது. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். அதே பல்கலைக்கழகத்தில் அதே பேராசிரியரிடம் மூன்று வருடம் முன்னால், 1952-இல், ஜாக் பூசர் என்பவர் எழுதிய ஆய்வேட்டிலிருந்து பத்தி பத்தியாக எடுத்திருக்கிறார் கிங். பரீட்சையில் காப்பி என்று நாம் சொல்வோமே, அதுதான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் கிங்கின் எதிரிகள் இல்லை. கிங்கைக் கடவுளுக்கு அடுத்தபடியாக வைத்திருந்த மாணவர்கள். அந்த அறையில் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நேரம் வேறு மோசமான நேரம். கிங் பிறந்தநாள் தேசிய விடுமுறையாக முதல்முறை கடைப்பிடிக்கப்பட்டதே 1986-இல்தான். அரிசோனாவில் அந்த விடுமுறை வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு, 1990 நவம்பர் 6-இல் வேண்டாம் என்று முடிவு வந்தது. மூன்றே நாள் கழித்து, நவம்பர் 9-இல், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இந்த ஆய்வேட்டு விஷயத்தை வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் ஊர் முழுக்கத் தெரிந்தது.

ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை, மூடி மறைத்தீர்களா என்று கார்சனைக் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதுதான் என்று நினைக்கிறேன். ஆய்வை முழுசாக முடித்துவிட்டு அறிஞர்கள் படிக்கும் இதழில் முறையாக வெளியிடலாம் என்று அவர் காத்திருந்தார், பத்திரிகை முந்திக்கொண்டது. ஆனால் அப்புறம் செய்ததைப் பார்க்க வேண்டும். தொகுதி வெளிவந்தபோது, எந்த வரி எங்கிருந்து எடுத்தது என்று அடிக்குறிப்பில் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். அந்த ஆய்வேட்டை விட்டுவிட்டுத் தொகுதியை அச்சிட்டிருக்கலாம், கேட்க ஆளில்லை. 'தேர்ந்தெடுத்த எழுத்துக்கள்' என்று அட்டையில் போட்டுவிட்டால் முடிந்தது. அதைச் செய்யவில்லை. 1991-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் குழு, திருட்டு உண்மைதான், பட்டத்தைப் பறிக்க வேண்டியதில்லை என்று சொல்லி, நூலகப் பிரதியோடு ஒரு கடிதத்தை இணைத்துவைத்தது.

கறுப்பினப் போதகர் மரபில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துத் தன் குரலில் சொல்வது வழக்கம், அதில் யாரும் சொந்தம் கொண்டாடுவதில்லை என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். பிரசங்கத்துக்கு அது பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன், நம் கதாகாலட்சேபத்தில் யார் மேற்கோள் குறி போட்டார்கள். ஆய்வேட்டுக்குப் பொருந்தாது. ஆய்வேடு எழுதியவருக்கு விதி தெரியும். எனக்கு கிங் மேல் இருக்கிற மரியாதை இதனால் ஒரு இம்மியும் குறையவில்லை, ஆனால் சப்பைக்கட்டு கட்டவும் மனம் வரவில்லை.

முதல் தொகுதி 1992-இல் வந்தது. மொத்தம் 14 தொகுதி என்பது திட்டம். நடுவில் 1997-இல் இன்னொரு சம்பவம்: அட்லாண்டாவில் கிங் குடும்ப வீட்டின் நிலவறையில் இருந்த பெட்டி ஒன்றைப் பார்க்கக் கொரெட்டா அனுமதி கொடுக்கிறார். உள்ளே கிங்கின் கையெழுத்திலேயே பிரசங்கக் குறிப்புகள், கோப்புக் கோப்பாக. கிங் கொலையாகி 29 வருடம் கழித்து. அரசியல் மேடைக்கு வருமுன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் என்ன பேசினார் என்பதற்கு அதுவரை அவ்வளவாகச் சான்று இல்லை. காலவரிசைப்படி போய்க்கொண்டிருந்த தொகுதிகளின் வரிசையையே உடைத்து, ஆறாவது தொகுதி முழுவதையும் இந்தப் பிரசங்கங்களுக்கு ஒதுக்கினார்கள். 2007-இல் வெளிவந்தது.

(இடையில் ஒன்று. 1959-இல் கிங் இந்தியாவுக்கு வந்து ஒரு மாதம் சுற்றியதன் கடிதங்கள் ஐந்தாவது தொகுதியில் இருக்கின்றன. அந்தப் பயணத்தைப் பற்றி 1965 ஜூலை 4-இல் தன் சர்ச்சில் ஒரு கதை சொன்னார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் போனாராம். தலைமை ஆசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று சொல்லி அறிமுகப்படுத்தினாராம். சுருக்கென்று கோபம் வந்தது, அப்புறம் யோசித்தேன், ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான், என் நாட்டில் என் ஜனம் எல்லோரும் அப்படித்தான் என்றார்.)

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம். இந்தத் தொகுதிகளில் பேச்சுகளை எப்படி அச்சிட்டிருக்கிறார்கள் என்று பார்த்தீர்களானால், வாக்கியங்களுக்கு நடுவே அடைப்புக்குறிகள் வந்துகொண்டே இருக்கும். கிங் ஒரு வரி சொல்கிறார், அடைப்புக்குறிக்குள் 'ஆமாம்'. அடுத்த வரி, அடைப்புக்குறிக்குள் 'ஆமென்', 'சொல்லுங்கள்', 'அப்படித்தான்'. கைதட்டல் என்றால் கைதட்டல் என்று, அது நீண்டால் நீண்டது என்று. எதிரே உட்கார்ந்திருந்த சபையின் குரல் அது. டேப்பில் கேட்டதை, கேட்ட இடத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

முதல்முறை பார்த்தபோது படிக்க இடைஞ்சலாகத்தான் இருந்தது. பிறகு 1955 டிசம்பர் 5-ஆம் தேதி பேச்சை எடுத்துப் படித்தேன். மாண்ட்கோமரியில் பஸ் புறக்கணிப்பின் முதல் நாள் ராத்திரி, ஹோல்ட் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் சர்ச். உள்ளே இடமில்லாமல் தெருவில் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். கிங்குக்கு வயது 26. அன்றைக்கு மத்தியானம்தான் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள், பேச்சைத் தயார் செய்ய இருபது நிமிடம்தான் கிடைத்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். ஆரம்பம் கொஞ்சம் தட்டுத்தடுமாறித்தான் போகிறது. சபை சின்னச் சின்னதாக 'ஆமாம்' போடுகிறது. பிறகு அந்த வரி வருகிறது: ஒடுக்குமுறையின் இரும்புக் கால்களில் மிதிபட்டு மிதிபட்டு ஜனங்கள் சலித்துப்போகிற நேரம் ஒன்று வரும், நண்பர்களே. அவ்வளவுதான், கூட்டம் கிழித்துக்கொண்டு கத்துகிறது. அடைப்புக்குறிக்குள் இடிமுழக்கம் போன்ற கைதட்டல் என்று போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கிங் பேசுவது வேறு ஆள் பேசுவது மாதிரி இருக்கிறது. அந்த சலிப்பு என்ற வார்த்தையையே பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறுகிறார். ஏற்றிவிட்டது யார் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுகிறவரை நமக்குத் தெரியும். அவர் இல்லாமல் கதை நகராது. ஆனால் வில்லுப்பாட்டைப் புத்தகமாக அச்சிடும்போது எத்தனை பேர் அந்த ஆமாவைச் சேர்க்கிறார்கள்?

தலைவர் இல்லாவிட்டாலும் போராட்டம் நடந்திருக்கும் என்று எழுதியவர், தலைவரின் வார்த்தைகளைப் பதிப்பிக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார் என்றேன் இல்லையா. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று எனக்கு ரொம்ப நாள் குழப்பம். அந்த அடைப்புக்குறிகளைப் பார்த்த பிறகு குழப்பம் போய்விட்டது. அவர் இதற்காகத்தான் அப்படிச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை, பேச்சை டேப்பிலிருந்து எழுதுகிற முறைகளில் அதுவும் ஒன்று, அவ்வளவே. நான் படிக்கிற விதம் அது.

ஜனங்கள் முதலில், கிங் அப்புறம் என்பதற்கு மாண்ட்கோமரியைவிட நல்ல உதாரணம் கிடையாது. பார்க்ஸ் கைதானது டிசம்பர் 1, வியாழக்கிழமை. அன்று ராத்திரி அலபாமா ஸ்டேட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஜோ ஆன் ராபின்சன் கல்லூரிக்குப் போகிறார். இன்னொரு ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் துணை. விடிய விடிய சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் நோட்டீஸ் அடிக்கிறார்கள், பல்லாயிரக்கணக்கில்: திங்கட்கிழமை யாரும் பஸ் ஏறாதீர்கள். கல்லூரி அரசாங்கக் கல்லூரி, காகிதம் அரசாங்கக் காகிதம், மாட்டினால் வேலை போகும். விடிந்ததும் எட்டு மணி வகுப்பை எடுத்துவிட்டுக் கட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் முழுக்க விநியோகிக்கக் கிளம்பினார். இதற்கு ஒன்றரை வருடம் முன்பே, 1954 மே மாதம், பஸ்ஸில் எங்களை நடத்தும் விதத்தை மாற்றாவிட்டால் புறக்கணிப்போம் என்று மேயருக்குக் கடிதம் எழுதியவரும் இவர்தான். அப்போது கிங் அந்த ஊரில் முழுநேர வேலையில் சேரக்கூட இல்லை.

ஆசிரியர்கள் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். ராபின்சன் 1960-இல் கல்லூரியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. பார்க்ஸ் போன ஹைலேண்டர் முகாமை நடத்தியவர்களில் ஒருவரான செப்டிமா கிளார்க், தென் கரோலினாவில் 40 வருடம் பாடம் நடத்தியவர், என்.ஏ.ஏ.சி.பி. உறுப்பினர் என்பதை மறைக்க மாட்டேன் என்றதற்காக 1956-இல் வேலை இழந்தார். ஓய்வூதியமும் போயிற்று. அது திரும்பக் கிடைக்க 20 வருடம்.

காசு விஷயம் எனக்கு எரிச்சல் தருவது. கிங்கின் 'கனவு'ப் பேச்சு இன்றைக்கும் காப்புரிமைக்கு உட்பட்டது. அத்தனை லட்சம் பேர் முன்னால் பேசி, தொலைக்காட்சியில் நேரடியாக ஓடிய பேச்சு, சட்டப்படி அது 'பொதுவில் வெளியிட்டதாக' ஆகாது என்று 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2006-இல் குடும்பம் வைத்திருந்த சுமார் 10,000 தாள்களை ஏலம் விடப் போனார்கள். கடைசி நேரத்தில் அட்லாண்டா மேயர் ஷெர்லி ஃபிராங்க்ளின் ஏற்பாட்டில் 3.2 கோடி டாலருக்கு வாங்கி, கிங் படித்த மோர்ஹவுஸ் கல்லூரியில் வைத்தார்கள். குடும்பத்துக்குச் சாப்பிட உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனாலும் வகுப்பில் ஒரு பேச்சை ஓட்டிக் காட்டும்போது இது யாருடைய சொத்து என்று யோசிக்க வேண்டியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கார்சனின் வேலை முழுவதும் இந்தக் குடும்பத்தின் அனுமதிக்கும் ஆய்வின் நேர்மைக்கும் நடுவே கயிற்றில் நடந்த வேலை.

வாஷிங்டனில் இருக்கும் கிங் நினைவுச்சின்னத்திலும் கார்சனுக்குப் பங்கு உண்டு. போட்டியில் ஜெயித்த வடிவமைப்புக் குழுவோடு சேர்ந்து வேலை செய்தார். மலையிலிருந்து பிளந்து முன்னால் வந்த பாறை போன்ற அந்த அமைப்பு, 'அவநம்பிக்கை என்னும் மலையிலிருந்து நம்பிக்கை என்னும் ஒரு கல்' என்று கனவுப் பேச்சில் வரும் வரியிலிருந்து எடுத்தது. 2011-இல் திறந்தபோது கல்லில் இன்னொரு வாசகமும் இருந்தது: நான் நீதிக்கும் சமாதானத்துக்கும் அறத்துக்கும் ஊர்வலத்தில் முன்னால் நடக்கும் வாத்தியக்காரனாக இருந்தேன் என்கிற மாதிரி. கிங் 1968 பிப்ரவரியில் பேசியது வேறு. முன்னால் போய் நிற்க ஆசைப்படும் மனித புத்தியைக் கண்டித்துப் பேசிவிட்டு, என் சாவுக்குப் பிறகு என்னை அப்படிச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் நீதிக்காக முன்னால் நின்றவன் என்று சொல்லுங்கள் என்றார். அந்த 'என்றால்' இடம் பற்றாமல் போய்விட்டது. பணிவாகச் சொன்னது ஜம்பமாக மாறிவிட்டது. கத்தினார்கள், 2013-இல் செதுக்கியதை அழித்தார்கள். ஒரு 'என்றால்' எவ்வளவு கனம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைத்தான் இப்போது உதாரணமாகச் சொல்கிறேன், இலக்கண வகுப்பிலும் உதவும்.

கார்சனுடைய காலத்தில் கடைசியாக வந்தது ஏழாவது தொகுதி, 2014-இல். அது 1962 ஆகஸ்டோடு நின்றுவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பர்மிங்ஹாம் சிறையிலிருந்து கிங் எழுதிய கடிதம் 1963 ஏப்ரல், அதுவரை வந்த தொகுதிகளில் இல்லை. 19 வயதில் கார்சன் பஸ் ஏறிப் போய் நேரில் கேட்டாரே, அந்தப் பேச்சும் அவற்றில் இல்லை. அதற்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. 2020-இல் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். இதில் சோகம் இருக்கிறதா என்று தெரியவில்லை, பதிப்பு வேலை தெரிந்தவர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இடையில் அவர் கிங்கைப் பற்றி ஒரு நாடகம் எழுதி அது பெய்ஜிங்கிலும் கிழக்கு ஜெருசலேமிலும் மேடையேறியது, பள்ளி ஆசிரியர்களுக்கென்று ஆவணங்களை வைத்துப் பாடத்திட்டங்கள் தயாரித்து இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். என்னைத் திருத்தியது அந்த இலவசம்தான்.

இந்த ஜனவரியில் ஹோல்ட் ஸ்ட்ரீட் பேச்சிலிருந்து ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு போனேன். ஒரு பையன் கிங்காக வாசித்தான். அடைப்புக்குறிக்குள் இருப்பதை மிச்சம் வகுப்பு முழுவதும் சொல்ல வேண்டும். முதலில் வெட்கம், அப்புறம் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டும் அளவுக்குச் சத்தம். வாசித்த பையன் சத்தம் ஏற ஏறத் தானும் குரலை ஏற்றினான், நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "பிராக்கெட்ல இருக்கிறவங்க பேரு என்ன மிஸ்?"

பலகையில் எழுத ஆரம்பித்தேன். ஜோ ஆன் ராபின்சன். பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், அதே ஊரில் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்துக் கைதான கிளாடெட் கால்வின். அவளோடு சேர்ந்து வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், பஸ்ஸில் நிறம் பார்த்து இடம் பிரிக்கும் சட்டத்தையே உடைத்த அரீலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித். சமைத்து விற்று அந்தக் காசைப் போராட்டத்துக்குக் கொண்டுவந்து கொடுத்த ஜார்ஜியா கில்மோர், அவருடைய குழுவுக்குப் பெயரே 'எங்கிருந்தோ சங்கம்', காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தோ வந்தது என்று உண்மையைச் சொல்லலாம் பாருங்கள். இதற்கு வகுப்பே சிரித்தது. ஏழாவது பெயரை யோசித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது.